கழிவு

லிந்துலைக்கு மேலே
பெயர் எழுதக் கூடாத ஒரு தோட்டம்.
எழுதக் கூடாது என்பது என் வேலையின் முதல் விதி.
அன்று பனி மூட்டம் என்றும் சொல்லப்போவதில்லை,
எந்தத் தோட்டத்தில்தான் இல்லை.

பிள்ளைக் காம்பராவின் பின்னறை.
ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
மூடி தொலைந்த ஜாம் போத்தல்,
அதற்குள் ஐந்து ரூபாய்க் குற்றி.

"நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
நீங்க குலுக்கிப் பாருங்க.
சிங்கம் விழுந்தால், நடந்ததோ நடக்கலையோ,
ஆமா என்று சொல்லுங்க.
அஞ்சு விழுந்தால் உண்மையைச் சொல்லுங்க.
எது விழுந்ததென்று எனக்குக் காட்ட வேண்டாம்."

பிறகு கேள்வி:
மலையிலோ தராசடியிலோ
உங்களுக்கு மேலே வேலை பார்க்கும் யாராவது
உங்கள் விருப்பமில்லாமல் கை வைத்ததுண்டா?

நூறு தடவை வாசித்துப் பழகிய வரி.
ஆனாலும் 'கை' வரும்போதெல்லாம்
குரல் ஒரு படி தவறியது.

கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர்
இதை விளக்க அரை நாள் எடுத்தார்,
பலகை நிறையப் பின்னங்கள்.
பூங்காவனம் அரை நிமிடத்தில் முடித்தாள்:
"அப்போ கழிவு போடுறீங்க.
சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோன்னு
எங்க கொழுந்துல கழிக்கிறாங்களே, அது மாதிரி
குத்தி சொன்ன ஆமாவைக் கழிச்சிட்டு
நாங்க சொன்ன ஆமாவை நிறுப்பீங்க."
ஆமாம் என்றேன்,
எதையும் குலுக்காமலே.

வசந்தமலர் நெடுநேரம் குலுக்கினாள். ஆமா.
செவனம்மாவின் போத்தலில் சத்தமே இல்லை.
முகத்தைத் திருப்பிக்கொண்ட எனக்குக்
காதைத் திருப்பத் தெரியவில்லை.
ஆமா என்றாள். எழுதினேன்.
இன்னொருத்தி மூன்று முறை குலுக்கினாள்,
வேண்டிய பக்கம் விழும்வரை போல.
எந்தப் பக்கம் வேண்டியிருந்ததோ.
இராசநாயகி சொல்லியே விட்டாள்:
"சிங்கந்தான் மிஸ்.
ஆனா அந்த வார்த்தை வாய்ல வரமாட்டேங்குது.
இல்லைன்னே போட்டுக்குங்க."
போட்டேன். சூத்திரத்துக்கு வெட்கம் தெரியாது.

பதினொரு மணிக்குக் கணக்கப்பிள்ளை வந்தார்.
கேட்காமலே மேசையிலிருந்த தாளை எடுத்தார்.
பெயர் இல்லை, வரிசை எண்தான்,
ஆனால் யார் பின்னால் யார் உள்ளே போனார்கள் என்று
வாசலில் நின்று எண்ணியிருந்தார் போலும்.
விரல் இறங்கியது. ஆமா, ஆமா, இல்லை, ஆமா.
பதினேழில் நின்றது.
"இது?"
"குத்தி சொல்லியிருக்கலாம் சார்."
"அப்போ இது?"
"அதுவும்."
தாளை வைத்துவிட்டு
உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.
ஏன் என்று கேட்க
என் படிவத்தில் இடமில்லை.

கடைசியாய் அழகுபாக்கியம்.
போத்தலைக் கவிழ்த்தாள். விழுந்த குற்றியை
பார்க்காமலே கையால் மூடினாள்.
"எனக்கு இது வேணாம். எழுதுங்க.
நடந்துச்சு. ஆறாம் நம்பர் மலையில,
தைப்பூசத்துக்கு முந்தின வியாழக்கெழமை.
பேரும் சொல்றேன்."

"பேர் எழுத முடியாதுக்கா,
உங்களைக் காப்பாத்தத்தான் இந்த முறையே."

"யார்கிட்டேருந்து?"

பேனா என் கையில் இருந்தது,
படிவத்தில் ஒரே ஒரு கட்டமும் இருந்தது.
குழந்தை ஒன்று முன்னறையில் அழுதது.
முறைப்பாட்டுக்கு வேறு இடம், வேறு இலக்கம் என்று
அச்சடித்த துண்டொன்றை நீட்டினேன்.
வாங்கி, வாசித்து, நான்காய் மடித்தாள்.

இரவு விடுதியில் கணக்குப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டுப் பேர். நாற்பத்து மூன்று ஆமா.
குற்றியின் பங்கு இருபத்தொன்பதைக் கழித்தால்
மிச்சம் பதினாலு,
உண்மை சொல்லக் கேட்ட இருபத்தொன்பதில்.
ஏறக்குறைய பாதி.
யார் அந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது,
தெரியாதபடிதான் கேட்டேன்,
தெரியாமலே படுத்தேன்.

அழகுபாக்கியம் இதில் இல்லை.
'முறைக்கு உட்படாத பதில்: ஒன்று'
என்று அடிக்குறிப்பில் இருக்கிறாள்.

குற்றியை அவள் கொண்டுபோய்விட்டாள்.
செலவுத் தாளில் ஐந்து ரூபாய் இடித்தது.
காரணம் என்ற இடத்தில்
கழிவு என்று எழுதினேன்.